ஏழாம் நம்பர் அறையில் தூங்கியது யார்?

பெனி கிரியேகோவுக்கு வயிறு காந்தியது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பர்ரிட்டோ தின்றதோடு சரி. காலையில் பல் துலக்கின கையோடு அல்புகர்க்கியில் வண்டியைக் கிளப்பியவன், அறுபத்தாறாம் நம்பர் சாலையில் நான்கு சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டிவிட்டான். நான்கு தடவையும் பக்கத்து சீட்டிலிருந்து ஒரே வார்த்தைதான் வந்தது.

"போ."

ஐந்தாவது கடையைப் பார்த்ததும் அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணி, பட்டினி கிடந்தா மூளை வேலை செய்யாது."

"உனக்குச் சாப்பிட்டாலும் செய்யாது. நிறுத்து. வந்தாச்சு."

எதிரே டெசர்ட் லேன்டர்ன் மோட்டல். நீலக் கதவுகள், இரண்டு சாரியாக எதிரும் புதிருமாக அறைகள், நடுவே கார் நிறுத்த மண் முற்றம். இடது சாரிக்குப் பின்னால், சாலையோரமாக, கூரைக்கு மேலே லாந்தர் வடிவத்தில் ஒரு நியான் பலகை.

ஒதீலியா காரை விட்டு இறங்குவதற்கு இரண்டு தவணை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெனியின் செத்துப்போன அண்ணனின் மனைவி. பதினாறு வருடம் மோட்டல் குளியலறைகளின் தரையைத் தேய்த்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அதற்கப்புறம்தான் துப்பறியும் உரிமம் வாங்கினாள். அந்தப் பதினாறு வருடமும் அவளோடு ஒரே துப்புரவு வண்டியைத் தள்ளினவள் நீவெஸ் ஆர்ச்சுலேட்டா. அந்த நீவெஸ்தான் இப்போது கவுன்டி சிறையில் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை இந்த மோட்டலின் ஏழாம் நம்பர் அறையில், தலையணைக்கு அடியில் வைத்திருந்த ஒரு பழைய தங்கப் பைக்கடிகாரம் காணாமல் போனது. அன்றைக்கு ஏழாம் நம்பரைச் சுத்தம் செய்தவள் நீவெஸ். போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று வியாழக்கிழமை. ஒரு மணிக்கு அவளைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் வழக்கு முடிகிறவரை உள்ளேதான் என்று சர்க்கார் கொடுத்த வக்கீல் சொல்லியிருந்தான். நீவெஸ் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் கையில் இருப்பது குடியுரிமை இல்லை, வெறும் க்ரீன் கார்டுதான் என்பதையும், திருட்டு என்று ஒரு தடவை பதிவானால் அடுத்த வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடுவதுதான் என்பதையும் அந்த வக்கீல் யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு ஒருத்தரும் மிச்சமில்லை. பெற்ற மகள் இங்கே இருந்தாள்.

மணி பதினொன்றேகால். கோர்ட் இருபத்தைந்து நிமிட ஓட்டம்.

ஆபீஸில் மோட்டல்காரர் ஹஸ்முக் தேசாய் மேஜை மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. ஒதீலியா யாரென்று தெரிந்ததும் இன்னும் அழுத்தித் துடைத்தார். பேசினதெல்லாம் அவர் மனைவி ரமீலாதான்.

"ஒன்பது வருஷமா நீவெஸ் எங்ககிட்ட இருக்கா. ஒரு சோப்பு கூட காணாம போனதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இல்ல, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தா போலீஸ் வண்டி நிக்குது. நான் என்னத்தச் சொல்றது? எந்த ரூம யார் சுத்தம் பண்ணினாங்கன்னு எழுதுற சீட்டுல அவ கையெழுத்துல்ல இருக்கு."

சீட்டை எடுத்துப் போட்டாள். ஏழாம் நம்பர், ஒன்பதேகால் முதல் ஒன்பது நாற்பது வரை, நீவெஸ். ஒதீலியா விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினாள்.

"பதினொண்ணாம் நம்பர் கட்டம் காலியா இருக்கே?"

"அதுக்குள்ள போலீஸ் வந்துருச்சு மேடம்" என்றார் தேசாய். "அந்த ரூம் படுக்கைய நானே எட்டரைக்கு உருவிப் போட்டுட்டேன். சும்மா, ஒரு ஒத்தாசைக்கு."

ரமீலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பெனியும் பார்த்தான். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் ஒத்தாசைக்கு என்று ஒரு துடைப்பத்தை நகர்த்தியவராகத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி யார் யார் தங்கினாங்க?"

பதிவுப் புத்தகத்தில் இரண்டே பெயர்கள். ஏழில் ஓஹையோவிலிருந்து வந்த ராய் கெஸிங்கர், ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். பதினொன்றில் ஒரு தம்பதி, இரண்டு குழந்தைகள்.

"ஏழோட சாவியக் கொடுங்க" என்றாள் ஒதீலியா.

ரமீலா சாவியோடு ஒரு காகிதத்தில் சுற்றிய இரண்டு தேப்லா ரொட்டியையும் பெனியின் கையில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தே பசி தெரிந்திருக்க வேண்டும். அவன் முதல் கடி கடிப்பதற்குள் அண்ணி முற்றத்தில் பாதி தூரம் நடந்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் இடது சாரியின் கடைசி அறை. அறுபது வருடத்துக்கு முன்னால் டஸ்டி டெலாப் என்ற கிதார் பாடகன் ஒரு ராத்திரி அங்கே படுத்து எழுந்தானாம். அதைச் சொல்லித்தான் இந்த மோட்டல் பிழைத்தது. இந்தப் பழைய சாலையைப் பார்க்கவென்றே வருகிற கிழடு கட்டைகள் எல்லாருக்கும் அந்த ஒரு அறைதான் வேண்டும். சுவரில் அவன் படம் தொங்கியது.

ஒதீலியா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே நோட்டைப் பிரித்தாள். நேற்று சிறையிலிருந்து நீவெஸ் போனில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

"கேளு பெனி. 'ஏழுல ரெண்டு பிள்ளைங்க படுத்திருந்துச்சுங்க. விரிப்பு பூரா ஆரஞ்சு கலர் பிஸ்கட் தூள். குளிக்கிற தொட்டியில ஒரு பிளாஸ்டிக் டைனோசர்.' இதைப் போலீஸ்காரன்கிட்டயும் சொல்லியிருக்கா. அவன் சிரிச்சிருக்கான். தனியா வந்த கிழவன் ரூம்ல பிள்ளைங்க எங்கேருந்து வரும்னு கேட்டிருக்கான்."

"அவன் கேட்டதுல என்ன தப்பு அண்ணி? ஒண்ணு நீவெஸ் அக்கா ரூமை மாத்திச் சொல்றாங்க. இல்லன்னா அந்த ஓஹையோ தாத்தா டைனோசர் வச்சு விளையாடுற ஆளு."

"நீவெஸ் எதப் பத்தி வேணும்னாலும் பொய் சொல்லுவா. வயசு சொல்ல மாட்டா, எடையச் சொல்ல மாட்டா. அழுக்கைப் பத்திப் பொய் சொல்ல மாட்டா. கையால துடைச்சது மறக்காது." அவள் செல்போனை எடுத்தாள். "அந்தத் தாத்தாவையே கேட்டுடலாம்."

கெஸிங்கர் அதற்குள் அரிசோனா போய்ச் சேர்ந்திருந்தார். குரலில் அலுப்பு இருந்தது. திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, சாவியை ஆபீஸ் மேஜையில் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் அப்பம் தின்னப் போனாராம். மணி பார்க்கப் பையில் கை விட்டபோதுதான் கடிகாரம் தலையணைக்கு அடியிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. ஓடி வந்தால், சுத்தம் செய்து முடித்துப் படுக்கை விரித்தாகிவிட்டது.

"எங்கப்பா ரயில்ல வேலை பார்த்தப்போ வச்சிருந்தது மேடம் அது. வித்தா ஒண்ணும் பெரிசா வராது. எனக்கு அது வேணும், அவ்வளவுதான்."

"தூக்கமாவது நல்லா வந்துச்சா அந்த ரூம்ல?"

"எங்கேருந்து? அந்த நியான் லாந்தர் ராத்திரி பூரா மூஞ்சியில அடிச்சுது. ஒரு தடவ சிவப்பு, ஒரு தடவ பச்சை. கடைசியில ஜன்னல்ல துண்ட மாட்டிட்டுப் படுத்தேன். தூக்கம் கெட்டதுல காலைல தடுமாறிப் போச்சு. சாப்பிட்டுத் திரும்பி வந்து ரூமைத் தேடி எதிர்ச்சாரிக்கெல்லாம் போயிட்டேன்னா பாருங்களேன்."

ஒதீலியா நன்றி சொல்லி போனை வைத்தாள். பிறகு ஜன்னல் திரையை முழுசாக விலக்கினாள்.

"பெனி, இங்கேருந்து லாந்தர் தெரியுதா?"

பெனி எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தான். முற்றமும் எதிர்ச்சாரியும் அவர்களுடைய காரும் தெரிந்தன. லாந்தர் இந்தச் சாரியின் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறது.

"தெரியல."

"அப்போ அந்த மனுஷன் மூஞ்சியில எது அடிச்சுது?"

"டஸ்டி டெலாப்போட ஆவி" என்றான் பெனி. சொல்லிவிட்டு எதிர்ச்சாரியைப் பார்த்தான். அங்கே எந்த அறை ஜன்னலில் நின்றாலும் லாந்தர் நேருக்கு நேர் நிற்கும். அவன் வாயிலிருந்த தேப்லா மெல்லப்படாமல் நின்றது.

"அண்ணி. அந்தத் தாத்தா இந்த ரூம்ல தூங்கவே இல்ல."

"சத்தம் போடாதே. எனக்குக் குனிய முடியாது. நீ போய் ஒவ்வொரு கதவுலயும் அந்தப் பித்தளை நம்பரப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவப் பார்த்துட்டு வா. பதினாலு கதவையும்."

"எதுக்கு?"

"பார்த்தா உனக்கே தெரியும். தெரியலன்னா நான் வேற ஆளை வச்சுக்கிறேன்."

பதினாலு கதவு. வெயில் பிடரியைச் சுட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்கு நீலம் அடித்தவன் நம்பரைச் சுற்றி ஒழுங்காக அடித்திருந்தான். ஸ்க்ரூ தலையை மட்டும் விட்டுவைக்கவில்லை. பல வருடத்துப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, ஸ்க்ரூவின் கோடே தெரியாமல் அடைத்துக் கிடந்தது. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் அதே கதி. ஏழுக்கு வந்தான். குனிந்தான். பிறகு முற்றத்தை ஓடிக் கடந்தான். எட்டு, ஒன்பது, பத்து அடைப்பு. பதினொன்று. மறுபடியும் குனிந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு அடைப்பு.

திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டே ரெண்டு கதவுல பெயின்ட் பேர்ந்து உள்ளே பித்தளை மின்னுது. ஏழு, பதினொண்ணு. யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டியிருக்காங்க."

"யாரோ இல்ல" என்றாள் ஒதீலியா. "எழுந்திரிக்கக் கை கொடு."

மணி பதினொன்று ஐம்பது.

தேசாய் இன்னும் மேஜை மணியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். ஒதீலியா மேஜை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தேசாய் சார், உங்க ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கு?"

அவர் கை நின்றது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களோட ஒரு குடும்பம் வந்துச்சு. ஏழாம் நம்பரக் கொடுத்துட்டீங்க. ராத்திரி அந்தத் தாத்தா வந்து நின்னாரு. ஏழு எனக்குன்னு எப்பவோ சொல்லி வச்சதுன்னாரு. சரியா?"

"நாலு மாசம் முன்னாடி லெட்டர் போட்டிருந்தாரு" என்றார் தேசாய். குரல் கீழே போயிருந்தது. "நான் மறந்துட்டேன். அந்தப் பிள்ளைங்க தூங்கிருச்சுங்க. எழுப்ப மனசு வரல. இவரு ஓஹையோவிலேர்ந்து அந்த ரூமுக்காகவே வந்திருக்காரு. உட்கார வச்சு ஒரு காபி கொடுத்தேன். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெளியே போய் நம்பர் ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேன். பதினொண்ணோட சாவியில ஏழுன்னு அட்டை கட்டிக் கொடுத்தேன், புத்தகத்துலயும் மாத்தி எழுதிட்டேன். டஸ்டி டெலாப் படத்தைப் பதினொண்ணுல கொண்டுபோய் மாட்டினேன். அவரு உள்ள போய்ப் படத்துக்கு முன்னால தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. சந்தோஷமாத்தான் இருந்தாரு."

"காலைல அவர் அப்பம் தின்னப் போனதும் திரும்ப மாத்திட்டீங்க. ரமீலா வர்றதுக்கு முன்னால."

"ஆமா. ஒத்தை ஆள் படுத்த அடையாளம் தெரியக் கூடாதுன்னு அந்தப் படுக்கையையும் உருவிட்டேன்."

ரமீலா கதவு நிலையில் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இந்த வித்தைய விடுங்கன்னு போன வருஷமே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்போ நீவெஸ் சுத்தம் பண்ணினது பிள்ளைங்க படுத்த ரூமை" என்றாள் ரமீலா. "தாத்தா படுத்த ரூம்ல அவ காலையே வைக்கல. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே போலீஸ்காரன் அவ கையில விலங்கு மாட்டுறதப் பார்த்துட்டு நின்னீங்க."

"வெளியே தெரிஞ்சா ஒருத்தன் இங்க தங்க மாட்டான் ரமீலா. அந்த ஒரு ரூமாலதான் நம்ம அடுப்பு எரியுது. அவ ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன்."

பெனி மேஜைமேல் சாய்ந்தான். "அப்போ தாத்தா படுத்த ரூமுக்குள்ள போன ஒரே ஆள் நீங்க. கடிகாரத்தை எடுங்க சார். நேரமாகுது."

"நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல. கண்ணாலயே பார்க்கல."

"எல்லாத் திருடனும் இதைத்தான்..."

"பெனி, வாயை மூடு" என்றாள் ஒதீலியா. "அவர் திருடல."

பெனிக்கு எரிச்சல் வந்தது. பதினாலு கதவுக்கும் வெயிலில் ஓடிக் கண்டுபிடித்ததை அண்ணி ஒரே வார்த்தையில் ஊதிவிட்டாள்.

"உள்ளே ஒரு கட்டில் இருக்கா? சார், வாங்க. திங்கட்கிழமை படுக்கைய எப்படி உருவினீங்களோ அதே மாதிரி உருவிக் காட்டுங்க."

பின் அறையில் அவர்கள் படுக்கிற கட்டில். தேசாய் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, விரிப்பின் நான்கு மூலையையும் பிடுங்கி, தலையணை, உறை, போர்வை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுருட்டாகச் சுருட்டினார். தலையணைகளை மட்டும் அதிலிருந்து உருவித் தள்ளினார். மிச்சத்தை முடிச்சுப் போட்டு மூட்டையாக்கினார். அரை நிமிடம் ஆகவில்லை.

ரமீலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பார்த்தியா பெனி?" என்றாள் ஒதீலியா. "இந்தத் தொழில்ல முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறதே இதைத்தான். விரிப்பத் தொடறதுக்கு முன்னால தலையணைய எடுத்து, உறையோட ரெண்டு மூலையப் பிடிச்சு ஒரு உதறு உதறணும். ஜனங்க அதுக்குள்ள என்னதான் வைக்க மாட்டாங்க, அடியில என்னதான் வைக்க மாட்டாங்க. பல்செட்டு, மோதிரம், துப்பாக்கி. நீவெஸ் தூக்கத்துல கூட உதறுவா. இவர் முதலாளி. இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" ரமீலாவிடம் திரும்பினாள். "திங்கட்கிழமையிலேர்ந்து இங்க துணி துவைக்கிறது யாரு?"

ரமீலா துவைக்கிற அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் மாறி வந்தது.

"யாரும் துவைக்கல. நீவெஸ் இல்லையே. அலமாரியில இருந்த புதுசை எடுத்து விரிச்சுக்கிட்டே வர்றேன்."

துவைக்கிற அறையைத் திறந்ததும் ஈரத்துண்டு நாற்றம் முகத்தில் அறைந்தது. மூன்று நாள் துணி இடுப்பளவு குவிந்து கிடந்தது. பெனி சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். மேலே ரமீலா சேர்த்தவை. அதற்குக் கீழே நீவெஸ் அடுக்கிய திங்கட்கிழமைத் துணி, சிறையில் இருப்பவள் வைத்த மடிப்புக் கலையாமல், விரிப்பு தனி, துண்டு தனி. எல்லாவற்றுக்கும் அடியில், சுவரோரம், முடிச்சுப் போட்ட ஒரு மூட்டை.

முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை. பல்லால் கடித்து இழுத்தான். உதறினான்.

தங்கச் சங்கிலியோடு கடிகாரம் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது. நின்றுபோயிருந்தது. மூன்று நாளாகச் சாவி கொடுக்க ஆள் இல்லை.

"கையால தொடாதே, துணியோட எடு" என்றாள் ஒதீலியா. "சார், கோட்டு மாட்டுங்க. ஜட்ஜ்கிட்ட நீங்கதான் பேசணும்."

"மேடம், இதைக் கொடுத்தாலே போதுமே. நம்பர் மாத்தினதையும் சொல்லணுமா?"

அவருக்குப் பதில் சொன்னது ரமீலா.

"வண்டியில ஏறுங்க."

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

பெனி அந்த இருபத்தைந்து நிமிட தூரத்தை இருபதாகக் குறைத்தான். வழியில் ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு லாரி குறுக்கே திரும்பியபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தேசாய் பின் சீட்டில் ரமீலாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் வழியாகப் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோர்ட்டில் முன்னால் இருந்த வழக்கு சீக்கிரம் முடிந்துவிட்டதால் நீவெஸின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. ஆரஞ்சு உடுப்பில், கையில் விலங்கோடு, அவள் எழுந்து நின்றிருந்தாள். வக்கீல் பையன் அவள் காதில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஒத்துக்கிறியாம்மா?"

"எந்தப் படுக்கைல எடுத்தேன்னு ஒத்துக்கிறது அம்மா?" என்றாள் நீவெஸ். "நான் சுத்தம் பண்ணினதுல பிள்ளைங்கதான் படுத்திருந்துச்சுங்க."

வக்கீல் பையன் தலையில் கை வைத்தான். பின் வரிசையிலிருந்து ஒதீலியா, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்து, சுருட்டிய தலையணை உறையை உயர்த்திப் பிடித்தாள்.

"அவ சொல்றது நிஜம். சொல்ல வேண்டிய ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

தேசாய் சொன்னார். முதல் இரண்டு வாக்கியம் திக்கியது. மூன்றாவதில் ரமீலா செருமியதும் நேராக வந்தது. நம்பர், ஸ்க்ரூ, படம், மூட்டை எல்லாம் வந்தன. போலீஸ்காரன் கூரையைப் பார்த்தான். சர்க்கார் தரப்பு வக்கீல் இரண்டு நிமிடம் காகிதத்தைப் புரட்டிவிட்டு வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். விலங்கைக் கழற்றினார்கள்.

நீவெஸ் தன் சொந்தத் துணியை மாட்டிக்கொண்டு நடைக்கு வந்தபோது மணி இரண்டு. அதற்குள் தேசாய் நீதிபதியிடம் வருத்தம் தெரிவித்துவிட்டார். போலீஸ்காரனிடம் தெரிவித்துவிட்டார். அரிசோனாவுக்குப் போன் போட்டு, அவர் படுத்தது உண்மையில் எந்த அறை என்பதைக் கெஸிங்கரிடம் சொல்லி, இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு, கடிகாரத்தை இன்றைக்கே தபாலில் போடுவதாக வாக்கும் கொடுத்திருந்தார். நீவெஸைப் பார்த்ததும் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடு நீவெஸ். துணி நிறைய சேர்ந்துபோச்சு."

நீவெஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைங்க படுத்திருந்ததுன்னு நான் சொன்னப்போ, அது நிஜம்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்."

"மூணு ராத்திரியும் தெரியுமா?"

"தெரியும்" என்றார் தேசாய். அவர் வாய் இன்னொன்று சொல்லத் திறந்தது போலிருந்தது. அதற்குள் வெளியே ரமீலா வரவழைத்த டாக்ஸியின் ஹாரன் கேட்டது. அவர் மனைவியைத் தேடிப் படியிறங்கினார்.

பெனி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆளு இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு அண்ணி?"

"நாலு பேர்கிட்ட."

நீவெஸ் படிக்கட்டின் தலைப்பில் நின்று, அவர் திரும்பி வருவாரா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் வரவில்லை. ஹஸ்முக் தேசாய் அவளுக்குத் தர வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.